ஆடிக்குப் போன கம்ப்யூட்டர்

"அப்பா, இது ஆடி மாசம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

நான்காவது படிக்கும் சுபாஷ்ரீ ஒருநாள் இப்படிக் கேட்டாள். சுகுமார் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும் இல்ல?" என்றார். சொன்ன பிறகு அந்தப் பதில் அவருக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவர் வாங்கிய கம்ப்யூட்டர் எதிர்வீட்டில், தானியேலின் வீட்டில் இருந்தது.

சுகுமார் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் ஓடும் மினிபஸ்ஸில் கண்டக்டர். அவர் மனைவி லீலாவதி உத்திரமேரூரில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்து வந்தாள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம் என்றாள். கையில் இருந்தது இருபத்தைந்தாயிரம் ரூபாய்.

அந்தக் காசுக்கு எதை வாங்கலாம் என்று பஸ்ஸில் கேட்டதுதான் சுகுமார் செய்த முதல் தப்பு. பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், மெமரி எட்டு ஜிபி இல்லாவிட்டால் தொடவே கூடாது என்றான். திரை சின்னதாக இருந்தால் கண் போய்விடும் என்றார் உரக்கடைக்காரர். பழைய கம்பெனி மெஷின்தான் இரும்பு மாதிரி உழைக்கும் என்று ஒருவர் சொல்ல, அது கண்டவன் கை பட்டது என்று இன்னொருவர் மறுத்தார். பூக்கூடையோடு ஏறிய அம்மாள், எதை வாங்கினாலும் கறுப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். சுகுமார் எல்லோர் பேச்சையும் மதிக்கிறவர்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஞானதாஸ் மூன்று ரெடி செட்களைக் காட்டினான். ஒன்று மலிவு, ஆனால் பழசு. இரண்டாவது புதுசு, வேகமானது, விலை கொஞ்சம் கூடுதல். இரண்டும் கறுப்பு. மூன்றாவது வெள்ளை. அதன் கண்ணாடிப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. சுகுமார் அதன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, அண்ணி இதுல அப்ளிகேஷன் போடப் போறாங்களா, கரகாட்டம் ஆடப் போறாங்களா?" என்றான் ஞானதாஸ். "அது கேம் ஆடறவங்களுக்கு. வெல ரெண்டு மடங்கு. நடுவுல கீது பாருங்க, அது போதும். ஆடித் தள்ளுபடி போக உங்க காசுக்குச் சரியா வரும். ஆவணில வந்தா தள்ளுபடி கெடையாது."

சுகுமார் நடு செட்டை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி, தன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். அங்கே வந்த பிறகுதான் உறைத்தது. ஆடியில் புதுப்பொருளை வீட்டுக்குள் ஏற்றக்கூடாதே.

தள்ளுபடிக்கு ஆடி வேண்டும், வீட்டுக்கு ஆவணி வேண்டும். வாசலில் தவித்து நின்றவரைப் பார்த்து எதிர்வீட்டுத் தானியேல், தங்களுக்கு எல்லா மாதமும் கர்த்தர் கொடுத்த மாதம்தான், பெட்டி தன் வீட்டில் இருக்கட்டும் என்றார். லீலாவதியைக் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

குறை ஏதும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லவேண்டும் என்று ஞானதாஸ் எச்சரித்திருந்தான். அதனால் தானியேல் வீட்டிலேயே பிரித்து, ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது தன் வீட்டுக் கணக்கில் சேராது என்று சுகுமார் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி, ஆவணி பிறக்கும்வரை யாரும் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாளே பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா கண்டக்டரே, புதுப்பொண்ணு ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் பூட்ச்சாமே? மாப்ள ராவுல தூங்கறாரா?"

சுகுமாரும் சிரித்தார். காளியம்மாள் பஸ் ஏறும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு நிலைத்தது. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள் அவள். அறுவடை, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். மகள் சந்தியா பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தாள்.

"தம்பி, உங்க வூட்ல கம்ப்யூட்டர் வாங்கிக்கிறியாமே. சந்தியாக்குக் காலேஜில எடம் கெடச்சிக்கீது. ஜாதி சர்டிபிகேட் குடுத்தாத்தான் சேத்துக்குவாங்களாம்."

"ஆவணி பொறந்ததும் மொத ஆளா உனக்குத்தான் போடச் சொல்றேன்க்கா."

"ஆடிக்குள்ள குடுக்கணும்னுக்கிறாங்க தம்பி. ஆவணில போனா அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துருவாங்க."

 சுகுமார் மறுநாளே லீவு போட்டு அவளை உத்திரமேரூர் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சர்வர் இல்லை. அடுத்த நாளும் போனார்கள். சர்வர் இருந்தது, ஆபரேட்டர் இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டும் இருந்தன, கரண்ட் இல்லை. சுகுமாருக்கு முதலாளியிடம் திட்டு. காளியம்மாளுக்கு மூன்று நாள் கூலி போச்சு. உதவி செய்யப் போய் அவள் வயிற்றில் அடித்தது போலாயிற்று.

லீலாவதியிடம் புலம்பினார். "உங்களுக்குத் தெரியாததாங்க?" என்று அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு காளியம்மாள் கேட்கவே இல்லை. பஸ்ஸில் சுகுமாரைக் கண்டால் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் டிக்கெட் கொடுக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சுகுமாருக்குப் புரிந்தது. அன்று இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்.

மனம் கேட்காமல் சாயங்காலம் தானியேல் வீட்டுக்குப் போய், பெட்ஷீட்டுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பெட்டி சுட்டது. சிமெண்ட் ஷீட் போட்ட கூரை, வெயில் நேராக இறங்குகிறது என்று நினைத்தார். தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதற்கு வைத்தார். அன்றிலிருந்து சுகுமார் குடும்பம் ஓலை விசிறியோடு படுத்தது. இத்தனைக்கும் நடுவில் லீலாவதியின் போனில் நெட் வேறு தினமும் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. சீரியல் பார்ப்பதாகச் சொன்னாள். வீட்டில் வேலை இல்லாத பெண், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆடி முடிய நான்கைந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சுகுமாரும் சொம்போடு வரிசையில் நின்றார். வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்தவர்கள், வேறு ஊர்க்காரர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று நீட்டிய பாத்திரத்தில் எல்லாம் கூழ் விழுந்தது. இத்தனைக்கும் ஆடி அம்மனுக்கே உரிய மாதம். அவள் யாரையும் ஆவணியில் வா என்று சொல்லவில்லை.

சுகுமார் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, தப்பா இருந்தா என்னோட போவட்டும்" என்று வேண்டிக்கொண்டு நேராகத் தானியேல் வீட்டுக்குப் போனார். தானியேல் குடும்பம் ஜெபத்துக்குப் போயிருந்தது. சாவி வழக்கம்போல லீலாவதியிடம் இருந்தது. வாங்கித் திறந்தார்.

மானிட்டரைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து, தெருவைத் தாண்டி, வலதுகால் எடுத்து வைத்துத் தன் வீட்டுக்குள் நுழைந்தார். மேஜை துடைத்துத் தயாராக இருந்தது. அடுத்த நடையில் பெட்டியும் கீபோர்டும் வந்தன.  லீலாவதி கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, கற்பூரத்தட்டை எடுத்து வந்தாள்.

சுகுமார் தேங்காய் உடைத்தார். பாதித் தண்ணீர் கீபோர்டில் தெறித்தது. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, சுபாஷ்ரீயை ஓடவிட்டுக் காளியம்மாளை அழைத்துவரச் சொன்னார்.

காளியம்மாள் வந்தாள். சுகுமார் எழுந்து கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிருக்கா. இவ்ளோ நாள் இழுத்துட்டேன். இன்னும் நாள் கீது. உக்காரு, இப்பவே போட்டுறலாம்."

காளியம்மாள் அவரைப் பார்த்தாள், லீலாவதியைப் பார்த்தாள், பிறகு தாங்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்தமுறை சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

"சந்தியா காலேஜ் ஆஸ்டல்ல சேந்து ஒரு வாரம் ஆவுது தம்பி. லீலா தானியேல் வூட்லயே குந்திக்கினு எங்க தெருப் புள்ளைங்க எல்லாத்துக்கும் போட்டுக் குடுத்துட்ச்சி. உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சி. 'அவரு எப்படியும் ஆடியிலயே தூக்கிக்கினு வந்துருவாருக்கா, அந்தப் புண்ணியத்த நாம கெடுக்கக் கூடாது'ன்னுச்சி."