தள்ளி நிற்கும் உத்தியோகம்

அரசாங்க உத்தியோகஸ்தருக்கும் குடிகளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரைத்தனத்தின் அசைக்கமுடியாத கொள்கை. அந்த இடைவெளி கம்பம் பிர்க்காவில் காணாமல் போயிருந்ததை, காமயகவுண்டன்பட்டி முகாமுக்கு வந்த சப் கலெக்டர் துரை தம் கண்ணாலேயே கண்டுவிட்டார். ஆக்டிங் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சுருளியாண்டி துரைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றபோது, அவருடைய அக்காள் புருஷன் ஒச்சாண்டி கூட்டத்திலிருந்து வந்து தோளில் கைபோட்டு, "மாப்ள, வெத்தல இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அதைவிடப் பெரிய குற்றம், சுருளியாண்டி கோட்டுப் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தது.

"வருஷக் கணக்கு பார்க்கும் ஜமாபந்திக்குள் நீ மாறாவிட்டால் உத்தியோகம் நிரந்தரமாகாது" என்றார் துரை. எப்படி மாறவேண்டும் என்பதையும் இங்கிலீஷில் சொன்னார்: ரிசர்வ்டு, டிடாச்டு, அலூஃப்.

சுருளியாண்டிக்கு நஞ்சை, புஞ்சைக்கு வேண்டிய இங்கிலீஷ்தான் தெரியும். தாலுகா கச்சேரி ஹெட் கிளார்க் வேலுச்சாமியிடம் ஓடினார். வேலுச்சாமி ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சிவிட்டு விளக்கினார்.

"ரிசர்வ்டுன்னா சிரிப்பு வரும், வெளிய விடக்கூடாது. டிடாச்டுன்னா பதில் சொல்லலாம், அக்கறை காட்டக்கூடாது. அலூஃப்னா ஆள் நிக்கிறது தெரியும், பாக்கக்கூடாது."

"கோல்டுன்னும் ஒண்ணு சொல்றாகளே?"

"எல்லாம் ஒரே காரியந்தானய்யா. மேல உள்ளவுக செஞ்சா ரிசர்வ்டு. சமமா உள்ளவன் செஞ்சா கோல்டு. கீழ உள்ளவன் செஞ்சா இன்சொலன்ஸ், திமிருன்னு சீட்டைக் கிழிச்சிருவாக. யாரப் பாத்துத் திரும்பி நிக்கிறோம்னு கவனிச்சுச் செய்யுங்க."

மறுநாளே சுருளியாண்டி தொடங்கிவிட்டார். "வாங்க மாப்ள" என்று எதிரே வந்த ஒச்சாண்டியை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னாலிருந்த தென்னைமரத்தைப் பார்த்தார். அக்காள் அக்கம்மாள் கோழிக்குழம்பு ஊற்றிய சோற்றை டிடாச்டாகப் பார்த்துவிட்டு எழுந்தார். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று துரைக்குத் தெரிய நியாயமில்லை.

ஊருக்கு இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். முகம் கொடுத்துப் பேசாத மனிதன் கோவித்துக்கொண்டிருக்கிறான். அவனை வெற்றிலைத் தட்டோடு போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரவேண்டும். போகாவிட்டால் உறவு அறுந்தது. ஆகவே சாயங்காலமே ஒரு கூட்டம் தட்டோடு வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் ரிசர்வ்டு ஆனார். கோபம் முற்றிவிட்டதென்று அடுத்த நாள் சேவலும் நாயனமும் சேர்ந்துகொண்டன. அக்கம்மாள் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, "என்ன குத்தம் செஞ்சோம், சொல்லுய்யா" என்று அழுதாள். அவர் தள்ளி நிற்க நிற்க ஊர் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஜமாபந்தி நெருங்கியது. வேறு வழியில்லாமல் சுருளியாண்டி ஊரைக் கூட்டினார்.

"எனக்குக் கோவம் இல்ல மச்சான். இது ரிசர்வ்டு. கவர்மெண்டு உத்தரவு. மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா யாரும் கிட்ட வரக்கூடாது."

"கூப்பிடவும் வரக்கூடாதா?" என்றார் ஒச்சாண்டி.

"கூடவே கூடாது."

உத்தரவு என்றதும் ஊர் கட்டுப்பட்டது. தலையாரி சின்னக்கருப்பு தமுக்கடித்துச் சொன்னான். ஜமாபந்தியன்று சுருளியாண்டியைச் சுற்றி ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. துரைக்கு மனம் குளிர்ந்தது. உத்தியோகம் நிரந்தரமாயிற்று.

அதோடு ஊரில் அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ரிசர்வ்டு ஆனார். மாமியாரோடு பேசாத மருமகள்கள் டிடாச்டு ஆனார்கள். வரப்புச் சண்டை போட்ட பங்காளிகள் அலூஃப் ஆனார்கள். சண்டை என்று சொல்வதே பட்டிக்காட்டுத்தனமாகப் போயிற்று.

தையில் ஒச்சாண்டி மகளுக்குக் கல்யாணம். முதல் சந்தனம் தாய்மாமன் சுருளியாண்டிக்கு வரவேண்டும். அவசரத்தில் அது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் போய்விட்டது. சுருளியாண்டிக்கு வலித்தது. உத்தியோகத்துக்காக இல்லை, நிஜமாகவே வலித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலுக்கு எதிரே புளியமரத்தடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டோடு வந்து கூப்பிடுவார்கள், கொஞ்சம் முறுக்கிவிட்டு எழுந்துபோகலாம் என்று காத்திருந்தார்.

அக்கம்மாள்தான் தட்டோடு ஓடிவந்தாள். ஒச்சாண்டி மறித்தார்.

"அங்கன போகாத. அவுக ரிசர்வ்டா இருக்காக. நீ போனா உத்தியோகத்துக்குக் கெடுதல் வந்துரும்."

"எந்தம்பி மொகம் வாடிக்கெடக்கே."

"துரைகளுக்கெல்லாம் மொகம் அப்பிடித்தான் இருக்கும்."

முகூர்த்தம் நெருங்கியது. சுருளியாண்டி இருமிப் பார்த்தார், செருமிப் பார்த்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு, "மச்சான், நான் கோவிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கத்தினார்.

ஒச்சாண்டி தூரத்திலேயே மரியாதையாக நின்று கேட்டார்: "அத இங்கிலீசுல சொல்லுங்க மாப்ள. கிட்ட வரலாமா, கூடாதான்னு தெரிஞ்சுக்கிடணும்."

சுருளியாண்டி வேலுச்சாமி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தார். தள்ளிப்போ என்பதற்கு எத்தனையோ வார்த்தை இருந்தது. வந்து கூப்பிடு என்பதற்கு ஒன்றும் இல்லை. உதவிக்கு யாராவது உண்டா என்று சுற்றிலும் பார்த்தார். வேப்பமரத்தடியில் வாத்தியார், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் பங்காளிகள் என்று, சந்தனம் கிடைக்காத ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. பந்தலில் அக்கம்மாள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அட்சதை போட்டுக்கொண்டிருந்தாள், ஊருக்கும் சேர்த்து.