கப்பல் அண்ணனின் வெள்ளைச் சோஸ்

இதை எழுத வேண்டும் என்று நாலு வருடமாக நினைக்கிறேன். கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பிறகு மூடி வைத்துவிடுவேன். அப்படிப் பிள்ளையார் சுழி மட்டும் போட்ட கொப்பிகள் வீட்டில் மூன்று கிடக்கின்றன. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை வருமே என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. இந்தக் கதைக்குள் அம்மனுக்கு முன்னால் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் கதை நிற்காது. மறைக்காவிட்டால் கோயில் நிருவாக சபையில் செயலாளராக இருக்கிற என் வீட்டுக்காரர் நிற்க முடியாது. போன கிழமை அவரே, "எழுதுகா, இனி என்ன கிடக்கு" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

கப்பல் அண்ணன் மாதிரி ஒரு சமையல்காரர் மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. இது நான் சொன்னதில்லை, அவர் சொன்னது. உலகத்தில் தன்னைவிட நல்ல சமையல்காரன் ஒருவன் இருந்தான் என்று மட்டும் ஒப்புக்கொள்வார். அவன் ஒரு மெக்சிகோக்காரன், அவரோடு ஒரே கப்பலில் வேலை செய்தவன். பிறகு கடலில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். "நான் தள்ளல்ல" என்று யாரும் கேட்காமலே அண்ணன் சேர்த்துச் சொல்லுவார்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடம் கப்பல் குசினியில் நின்றவர் என்பதால் ஊருக்கு அவர் கப்பல். எனக்குக் கப்பல் அண்ணன்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் வாவி. இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். ஒருநாள் காலையில் களுவாஞ்சிக்குடி பஸ்ஸால் ஒரு மனிதர் வந்து இறங்கினார். கையில் துவாயில் சுற்றிய கத்திகள். தலையில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி. அதோடேயே பஸ்ஸில் வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்களின் கதியை நினைத்துப் பார்த்தேன்.

"இஞ்ச வெள்ளைக்காரர் வாறாங்களாம். ஆர் சமைக்கிற?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அதான் ஒரு நாளோட கிறுகிப் போறாங்க போல" என்று சொல்லிவிட்டு நேரே குசினிக்குள் போனார். அன்றைக்குப் போனவர்தான்.

அவர் கொண்டுவந்த சாமான் டாக்கோ. பெரிய விசயம் ஒன்றும் இல்லை. மெல்லிய ரொட்டியை மடித்து, உள்ளே பொரித்த கொடுவா மீனும் அரிந்த முட்டைக்கோவாவும் வைத்து, மேலே ஒரு வெள்ளைச் சோஸை ஊற்றுவது. நான் முதல்தரம் பார்த்துவிட்டு, "ரொட்டியும் மீனும் நாங்களும் தின்னுறதுதானே அண்ணன்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புள்ள, ரொட்டியும் மீனும் வாகனம். சாமி சோஸ்தான்."

அந்தச் சாமியை எழுந்தருளப் பண்ணுவது லேசில்லை. முட்டை மஞ்சட்கருவைச் சட்டியில் போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே பக்கமாக அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் திரைந்துவிடும். அது தடித்து வந்த பிறகு தேசிக்காய்ப் புளி. பிறகு கரடியனாற்றிலிருந்து வருகிற எருமைத் தயிர், அதுவும் சீலைத்துண்டில் கட்டி முருங்கை மரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்தது. உள்ளிப் பூண்டையும் பச்சைக் கொச்சிக்காயையும் இடித்துப் பிழிந்து சாறு மட்டும். உப்பு. "ஒரு பொட்டுத் தெரியப்படாது. பாலுமாதிரி இருக்கணும்" என்பார். அடிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, தும்மக்கூடாது.

ஒருநாள் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் படலையடிக்கு வந்தது. அண்ணனின் கை அவரை அறியாமலே பாட்டின் வேகத்துக்குப் போய், சோஸ் திரைந்துவிட்டது. அடிக்கிற கம்பியைக் கையில் பிடித்தபடி, தொப்பியும் தானுமாக, அந்த ஓட்டோவைச் சந்தி வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு பாண்காரத் தம்பி எங்கள் படலைக்கு இந்தப் பக்கம் இருபது மீற்றர், அந்தப் பக்கம் இருபது மீற்றர் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் போவான். அவன் கோயில் வாசலில்கூட நிறுத்துவதில்லை.

இதையெல்லாம்விட வேடிக்கை, சோஸ் சரிவந்ததா என்று அவர் பார்க்கிற விதம். சட்டியைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

"சட்டி என்ன செல்லுது அண்ணன்?"

"பேசாத. உப்புக் கேக்குது."

"நாக்கில வைச்சுப் பாருங்களன்."

"நாக்கால பாக்கிறவன் வீட்டுச் சமையல்காரன். கப்பல் சமையல்காரன் காதாலதான் பாப்பான்."

விருந்தாளிகள் அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். காதில் வைத்த பிறகு கரண்டியை என்னிடம் நீட்டுவார். "நீ பார் புள்ள. நாளைக்கு நான் இல்லாட்டி நீதான் செய்யணும், பழகிக்கோ." நான் பார்த்து, உப்புக் கொஞ்சம் குறைவு என்றால், "பாத்தியா, காதும் அதைத்தான் சொன்ன" என்பார். எனக்குப் பெருமை. கப்பலில் படித்த தொழிலை எனக்குச் சொல்லித் தருகிறார் என்று மாமியாரிடம்கூடச் சொல்லி வைத்தேன்.

இப்படி இருக்கும்போது வைகாசிச் சடங்கு வந்தது. எங்கள் ஊர் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்தால், கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும் மட்டும் எந்த வீட்டிலும் மச்சம் இல்லை. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. அந்தக் கிழமை பார்த்து ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் டாக்கோவுக்கென்றே வந்து இறங்கினார்கள். அதோடு இன்னொரு சேதியும் வந்தது. கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறக்கப் போகிற பெரிய ஹோட்டலின் முகாமையாளர், அண்ணனைத் தலைமைச் சமையல்காரராக எடுக்க யோசிக்கிறாராம். வியாழக்கிழமை வந்து அந்தச் சோஸைச் சாப்பிட்டுப் பார்ப்பாராம்.

அண்ணன் அன்றைக்கே தொப்பியைக் கழுவிக் கஞ்சி போட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கப்பல் கொம்பனிகள் கைவிட்டு நாலைந்து வருடம். வெள்ளை உடுப்புப் போட்டுப் பத்துப் பேரை அதட்டுகிற குசினி ஒன்று இனி வருமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். நடக்கும்போது கால் நிலத்தில் படவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரே சொல்லில் முடித்தார். "கதவு திறந்து கிடக்கு. வீட்டு வளவுக்குள்ள மச்சம் வரப்படாது."

"அப்ப வளவுக்கு வெளிய?" என்றார் அண்ணன்.

வளவுக்கு வெளியே தோணி கட்டுகிற இடத்தில் ஒரு பூவரசு நிற்கிறது. அதன் கீழ் அடுப்பு மூட்டினார். பக்கத்தில் மேசை போட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் கோயிலால் வந்து, தோய்ந்த தலையோடு அந்தப் பக்கம் போனேன். மேசையில் தயிர்ச் சட்டி ஒன்று இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று தயிர். விருந்தாளிகளுக்குத் தயிரை வெறுமனே வைப்பது எங்கள் பக்கத்தில் படலையில் நிற்க வைத்துக் கதைத்து அனுப்புவது மாதிரி. இனிப்புக்கு ஊற்றுகிற பாணி முடிந்துபோயிருந்தது. ஓடிப்போய்ச் சீனிப் பேணியை எடுத்துவந்து, ஐந்து கரண்டி போட்டு நன்றாகக் கலக்கினேன். கலக்கி முடிந்த பிறகுதான் உள்ளி மணம் மூக்கில் ஏறியது. சோஸ் குளிராக இருக்கட்டும் என்று அண்ணன் வெறும் தயிர்ச் சட்டியில் அதை ஊற்றி வைத்திருக்கிறார்.

சொல்ல வாயெடுக்க, அண்ணன் மீனோடு வந்துவிட்டார். பின்னால் வெள்ளைக்காரர் இரண்டு பேரும். அந்த அம்மா கைப்பேசியை நீட்டி, ருசி பார்த்துக் காட்டச் சொன்னார். படம் என்றதும் அண்ணன் விரலைச் சட்டியில் விட்டு, வாயில் வைத்து, கண்ணை மூடினார்.

"புளி சரி. உறைப்புச் சரி. உப்பு அளவு. ஒரு பிசகும் இல்ல."

நான் கையிலிருந்த சீனிப் பேணியைப் பார்த்தேன். ஐந்து கரண்டிச் சீனி. பாயசம் தோற்றுப்போகும். அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

வெள்ளைக்காரர் ஒரு கடி கடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள், முழுவதும் சாப்பிட்டு "சூப்பர்" என்றார்கள். பின்னேரம் தேத்தண்ணி கேட்டபோது மட்டும், சீனி வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்கள்.

காதில் சட்டி வைத்ததும், எனக்குத் தொழில் பழக்கியதும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் நான் அவரிடம் படிக்கவில்லை. அவருக்கு நாக்காக நின்றிருக்கிறேன். சடங்கு வந்து நான் மச்சத்தை விட்டதும் அவர் தனித்துப் போனார். வியாழக்கிழமை யார் அவருக்குப் பார்த்துச் சொல்லுவது? ஊர் முழுக்க விரதம்.

புதன்கிழமை கோயிலில் நின்று, "தாயே, ஒரு வழி சொல்லு" என்றேன். அம்மன் பேசாமல் இருந்தா. சரி, எனக்குத் தெரிந்த வழியைச் செய்கிறேன், பிறகு நீ என்னைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் பகல் முகாமையாளர் வந்தார். மெலிந்த மனிதர், சப்பாத்தில் மண் படாமல் நடக்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரை முன் விறாந்தையில் இருத்தி இளநீர் கொடுத்தார். நான் பின்பக்கம் போனேன். அண்ணன் சட்டியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"அண்ணன், கரண்டியத் தாங்க."

"என்னத்துக்கு?"

"பாக்க."

"உனக்கு விசரா புள்ள? உள்ள முட்டை கிடக்கு. கதவு திறந்து கிடக்கு."

"தெரியும்."

"மறுகா அம்மன் கண்ணக் குத்தினா என்னைக் கேக்கப்படாது."

"அது அவவுக்கும் எனக்கும் உள்ள கதை. நீங்க தாங்க."

வாங்கி நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது. பயத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறார்.

"உப்புக் கரிக்குது அண்ணன்."

வழக்கம்போல், காதும் அதைத்தான் சொன்னது என்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சட்டியை மேசையில் வைத்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"கன."

"தயிர் விடட்டா?"

"விடுங்க."

விட்டார். நான் பார்த்தேன். தேசிக்காய் பிழிந்தார். பார்த்தேன். இன்னொரு மஞ்சட்கருவை அடித்துச் சேர்த்தார். பார்த்தேன். பிறகும் மூன்று தரம் பார்த்தேன். ஒருதரம் விரதம் முறித்தவர்கள் ஊரில் இருப்பார்கள். பத்து நிமிசத்தில் ஏழு தரம் முறித்தவள் நான் ஒருத்திதான்.

"எப்ப தொட்டு அண்ணன்?"

"அந்தப் பெரிய காய்ச்சல் வந்து போனதில இருந்து. மணமும் இல்ல, ருசியும் இல்ல. வாய்க்குள்ள வைச்சா மண்." பிறகு கேட்டார்: "உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஆருக்கும் செல்லல்லயா?"

"செல்லல்ல."

முகாமையாளர் பூவரசடி மேசையில் இருந்து மூன்று டாக்கோ சாப்பிட்டார். விரலைச் சூப்பியதை நான் கண்ணால் கண்டேன். திங்கட்கிழமையே வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் கைகொடுக்க எழும்பிவிட்டார்.

"உங்கட குசினி எத்தினையாம் மாடியில?" என்று அண்ணன் கேட்டார்.

"ரெண்டாம் மாடி."

"அப்ப ஏலா. எனக்கு உசரம் ஒத்துக்கொள்ளாது."

பதினெட்டு வருடம் கப்பலின் மேல்தட்டுக் குசினியில் நின்ற மனிதர். முகாமையாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இளநீர்க் கோம்பையைப் பார்த்தார், போய்விட்டார். ஊர் ஒரு மாதம் சிரித்தது. "கப்பலுக்கு மாடிப் பயமாம்" என்று சின்னப் பிள்ளைகள்கூடப் பின்னால் பாடினார்கள். அந்தக் குசினியில் சட்டியைக் காதில் வைத்துவிட்டு யாரிடம் கரண்டியை நீட்டுவது என்று அவர் யோசித்திருப்பார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகாமையாளர் வந்துபோன அடுத்த நாள் குளிர்த்தி. குற்ற உணர்வில் நான் சனத்துக்குப் பின்னால், கடைசியில் போய் நின்றேன். குளிர்த்தித் தண்ணீரைப் பூசை செய்கிற கட்டாடியார் வேப்பிலையால் அள்ளி வீசினார். முன்னால் நின்ற இவ்வளவு சனத்தின் தலைக்கு மேலால் வந்து அது என் முகத்தில்தான் விழுந்தது. கோபத்தில் வீசினதா, ஆறுதலுக்கு வீசினதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குளிராக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அண்ணன் எங்கள் குசினியில்தான் நின்றார். சட்டியைக் காதில் வைப்பதை விட்டுவிட்டார். என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "எப்பிடி?" என்று மட்டும் கேட்பார்.

போன மாசியில் அண்ணன் காலமானார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, தன் நாக்குப் போன கதையைப் பார்க்க வந்த எல்லாருக்கும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நல்லது என்று நினைத்தேன். ஆனால் செத்தவீட்டில் இருந்தே ஊர் வேறு கதை கட்டத் தொடங்கிவிட்டது. சடங்கு நேரம் கண்ணகை அம்மன் அவருக்கு நாக்கைத் திருப்பிக் கொடுத்தாவாம், அதனால்தான் அந்தச் சோஸ் அப்படி இருந்ததாம். பூவரசில் வெளிச்சம் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

நான் அம்மனை நம்புகிறவள். அதனால்தான் அவ செய்யாத வேலையை அவவின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதானால், தயவுசெய்து நடந்தபடியே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். அண்ணனின் நாக்குக் கடைசி வரைக்கும் திரும்பவில்லை. சோஸை அடித்தது அவர், ருசி பார்த்தது நான், விரதம் ஏழு தரம் முறிந்தது. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை.

இன்னும் ஒன்று. இப்போதும் நான் எதைச் சமைத்தாலும், கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்த உடனே "சரி அண்ணன், உப்பு அளவு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். குசினியில் யாரும் இல்லை. அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.