கஞ்சி வாளியில் போன கூட்டெருச் சாறு

தனியாக இருப்பவளுக்குப் புத்தி கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதைக்க ஆளில்லாவிட்டால் இருக்கிற புத்தியும் போய்விடும், சாட்சி நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றமாகி வந்து, திருகோணமலைத் துறைமுகத்தடியில் வாடகை வீடு எடுத்து நாலு மாதம். கந்தோரில் "கையெழுத்து வையுங்கோ", கடையில் "அரைக் கிலோ தாங்கோ": என் ஒரு நாள் கதை அவ்வளவுதான். அதனால் மிளகாய்க் கன்றுகளைப் பிடித்துக்கொண்டேன். சாணியும் சருகும் உக்கின கூட்டெருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, பனங்கட்டி கரைத்து, மீன்தொட்டிப் பம்பியால் காற்று விட்டால், ஒன்றிரண்டு நாளில் செடிக்கு ஊற்றும் சாறு தயார். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்றே பம்பியை அதிக நேரம் ஓடவிட்டேன். (அதோடு கதைத்தும் இருக்கிறேன். சிரிக்காதேங்கோ.)

நோன்பு காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு நஸீமா அக்கா ஒரு வாளியில் கஞ்சி கொண்டுவந்தார். நாலு மாதத்தில் என் படலையைத் தட்டிய முதல் ஆள். குடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? எங்கள் வழக்கத்தில் அது பெரிய குற்றம். குசினியில் சாப்பிட இருந்ததோ அரை றாத்தல் பாண்தான். அக்காவின் மிளகாய் இலைகள் மஞ்சளித்துக் கிடந்ததை மதிலுக்கு மேலால் பார்த்திருந்தேன். வாளியைக் கழுவி, சாற்றை நிரப்பினேன். அதைச் சாட்டி எப்படிக் கதையை வளர்ப்பது என்று கண்ணாடி முன் ஒத்திகை வேறு.

மறுநாள் பின்னேரம் போனால், படலையடியில் அவருடைய சொந்தக்காரர் கூட்டம். ஒத்திகை பார்த்த கதையெல்லாம் மறந்து, வாளியை அக்காவின் கையில் திணித்தேன்.

"கனநேரம் வைச்சிருக்காதேங்கோ அக்கா, பழுதாப் போகும்," என்று மட்டும் சொல்லி ஓடிவந்துவிட்டேன்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. மதிலுக்கு அப்பால் அக்காவின் கணவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை தந்த யாழ்ப்பாணத்துக் கசாயம் என்று சொல்லி எல்லோருக்கும் ஊற்றுவது கேட்டது. கல்லொன்றில் ஏறி எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"குடிக்காதேங்கோ! அது சாணிச் சாறு!"

அவர் வாயில் ஏற்கெனவே ஒரு மிடறு. அது அப்படியே முற்றத்து மிளகாய்க் கன்றில் போய் விழுந்தது. சேரவேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கிடைத்த ஒரே அயலும் போச்சு. இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியபோது படலை தட்டும் சத்தம்.

"என்னத்துக்குப் புள்ள அழுறீங்க?" என்றார் நஸீமா அக்கா. "அவர் வாயக் கொப்பளிச்சிட்டுச் சிரிச்சிட்டு இரிக்கார். வாங்க, எங்களோட இருந்து சாப்பிடுங்க."

இன்றைக்கும் அந்த வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், "எனக்கு உரம் போட்ட புள்ள இதுதான்," என்று அக்காவின் கணவர் என்னைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் மானம் கப்பலேறும். ஆனாலும் அவர் மறந்திருக்கிற நாளில், நானே அந்தக் கதையை எடுத்துக் கொடுக்கிறேன்.