மெத்தைக் கம்பெனியில் முதுகுவலி

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு விசாரித்திருக்கவே மாட்டார்கள். அதை விட்டுவிட்டு, "சார், முதுகு பிடிச்சிக்கிச்சு சார், எழுந்திரிக்கவே முடியல" என்று போனில் சொல்லித் தொலைத்தார், சைக்கிள் பைத்தியம் என்பதால் எங்கள் தெரு 'கியர்காரர்' என்று கூப்பிடும் மனிதர். சொல்லும்போது நின்றுகொண்டுதான் இருந்தார். தலையில் ஹெல்மெட், கையில் உறை, ஒரு கால் சைக்கிள் பெடலில்.

மறுமுனையில் மேனேஜர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகா?"

"ஆமா சார்."

"நம்ம கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு, முதுகா?"

அப்போதுதான் கியர்காரருக்கு உறைத்தது. அவர் வேலை பார்ப்பது மெத்தைக் கம்பெனியில். அதிலும் தரம் பார்க்கும் பிரிவில். தயாராகி வரும் மெத்தையில் மல்லாக்கப் படுத்து, ஒருக்களித்துப் படுத்து, புரண்டு எழுந்து 'சரி' என்று முத்திரை குத்துவதுதான் உத்தியோகம். வேலை நேரத்தில் படுக்காவிட்டால் திட்டு வாங்கும் ஒரே ஆள் எங்கள் தெருவில் இவர்தான். கம்பெனி வாசலில் ஆளுயர எழுத்தில் 'உங்கள் முதுகு எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கும். அந்த வாசல் வழியாகத்தான் தினமும் போய் வருகிறார்.

"லேசாத்தான் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா?" என்றார் மேனேஜர். "அங்கேயே படுங்க. அசையாதீங்க. நான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரின் விளிம்பில் இருக்கும் கல்லுமலையில் சைக்கிள் போட்டி. பல வருஷங்களாக நடக்காமல் கிடந்து, இந்த வருஷம்தான் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கியர்காரர் வாலிபத்தில், கியரே இல்லாத அப்பா சைக்கிளில், பிரேக்குக்குப் பதில் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே அந்த மலையில் இறங்கியவர். கடைசி வளைவுவரை முதலில் வந்தாராம். அங்கே செருப்பு தேய்ந்து தீர்ந்துபோக, முடிவுக் கோட்டைத் தாண்டாமல் பக்கத்துக் குளத்தைத் தாண்டப் பார்த்து, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே போய் இறங்கினாராம். இந்தக் கதையைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மலை கொஞ்சம் வளர்ந்திருக்கும். குளமும்தான்.

முழங்காலில் இருக்கும் தழும்புகளை வைத்தே வழி சொல்லக்கூடிய மனிதர். "இந்தா, இது பாறைத் திருப்பம். இது முள்ளுப் பாதை" என்று லுங்கியைத் தூக்கிக் காட்டுவார். பழைய டூத் பிரஷ் எதுவும் அந்த வீட்டில் குப்பைக்குப் போனதில்லை. எல்லாம் சைக்கிள் செயினைத் தேய்க்கத்தான். ஒரு நாள் அவசரத்தில் புதிதையும் பழையதையும் மாற்றி எடுத்துவிட்டு, வாயெல்லாம் கறுப்பாகத் தெருவில் நின்றது தனிக் கதை.

இந்த வருஷம் அவருக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது கூடிவிடும். மூத்தவர்கள் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"அதுல ஜெயிச்சா கப்பு கிடையாதுடி. பழக்கூடைதான் குடுப்பாங்க" என்று மனைவியிடம் முறையிட்டிருக்கிறார்.

"பழமாவது தின்னலாம். கப்பை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"உனக்குப் புரியாது."

புரியாமல் என்ன? இத்தனை வருஷமாக அந்தக் குளத்துக் கதையோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். இந்தத் தடவையாவது மனிதர் கோட்டைத் தாண்டினால் கதைக்கு ஒரு முடிவு வரும் என்று அவளுக்கும் ஆசைதான். அதனால்தான் பயிற்சிக்கு லீவு போடுவதை அவள் தடுக்கவில்லை. காரணம் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்காமல் விட்டது மட்டும்தான் அவள் செய்த தப்பு.

என்ன செய்வதென்று யோசித்து முடிப்பதற்குள் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. முதலில் மேனேஜர் இறங்கினார். ஒல்லியான ஆள், கியர்காரரைவிட இரண்டு வயது இளையவர். பின்னால் டிரைவர், தலையில் ஒரு மெத்தையோடு.

"ஐயோ, வந்துட்டார்! சைக்கிளை மறை!"

"எங்கேங்க மறைக்கிறது? அலமாரியிலயா?"

கியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, போட்ட உடுப்போடு போர்வைக்குள் பாய்ந்தார். மனைவி சைக்கிள்மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் ரெண்டு ஈரத் துண்டையும் விரித்தாள்.

"துணி காயப்போடுற ஸ்டாண்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் மேனேஜர்.

"ஆமா சார்."

"டயர் இருக்கே?"

"வெயில் இருக்கிற பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போக வசதியா இருக்கும்னு..." என்று இழுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் தம்பி சைக்கிள் சார். சும்மா இங்க போட்டிருக்கான்" என்றாள்.

"நல்ல தம்பி" என்றார் மேனேஜர். போகிற போக்கில் சைக்கிளின் முன்பக்கத்தை ரெண்டு தரம் அழுத்திப் பார்த்தார். மெத்தைக்காரர்களுக்கு எதைக் கண்டாலும் அழுத்திப் பார்க்காவிட்டால் கை அரிக்கும்.

கட்டிலருகே வந்து நின்றார். "திரும்பிப் படுங்க. எங்க வலி?"

"இங்கதான் சார்... கீழ..."

மேனேஜர் போர்வைமேல் கையை வைத்தார். வைத்தவர் திடுக்கிட்டார். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் கால்சட்டையில், உட்காரும் இடத்தில் ஒரு கனமான பஞ்சுத் திண்டு உண்டு. அது இப்போது போர்வைக்கடியில் புடைத்துக்கொண்டு நின்றது.

"என்னய்யா இது, இவ்வளவு வீக்கம்!"

"ஆமா சார்" என்றார் கியர்காரர், வேறு வழியில்லாமல்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா வீங்கியிருக்கே!"

"எனக்கு எப்பவுமே அப்படித்தான் சார்."

"அம்மா, இதை நீங்க கவனிக்கலையா?"

"நான் அந்தப் பக்கமெல்லாம் பார்க்கிறதில்ல சார்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சிரிப்பை மறைக்க அவள் உருட்டியதுதான்.

கம்பெனியின் விலை கூடிய மெத்தை விரிக்கப்பட்டது. "நம்ம ஆளுக்கே முதுகுவலின்னு வெளியில தெரிஞ்சா கம்பெனி மானம் கப்பலேறிடும். ஞாயித்துக்கிழமை தாண்டுறவரைக்கும் எழுந்திரிக்கவே கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார் மேனேஜர்.

அடுத்த நாள் கியர்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைவரைக்கும் ஒரு நடை போய், இறக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பின்வாசல் வழியாகச் சைக்கிளைக் கிளப்பினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, எதிரே கம்பெனி வேன். பிரேக்கைப் பிடித்தார். பிரேக் பிடித்தது, அவர்தான் நிற்கவில்லை. நேராக மூன்றாம் வீட்டு வேலிச்செடிக்குள் போய் விழுந்தார். வேன் கடந்துபோனதும், தோட்டம் தோட்டமாக ஏறிக் குதித்து வீட்டுக்குள் புகுந்து மெத்தையில் விழுந்தபோது, முகமெல்லாம் கீறல்.

சற்றுப் பொறுத்து உள்ளே வந்த மேனேஜர் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"மெத்தையில இருந்து விழுந்துட்டேன் சார்."

இந்த மனிதருக்குப் பொய்யே வராது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"நம்ம மெத்தையில இருந்தா? விழுந்து முகத்துல முள்ளு குத்திச்சா?"

"கனவுல விழுந்தது முள்ளுல சார். நிஜத்துல தரையில."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். அதோடு மெத்தை கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியது. ரெண்டு பக்கமும் உருட்டுத் தலையணை, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இடுப்புக்குப் பட்டை, கழுத்துக்குக் காலர். கியர்காரர் பார்சலில் அனுப்ப வைத்த கண்ணாடிச் சாமான் மாதிரி நடுவில் கிடந்தார்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்று மனைவி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கிண்டல் பண்ணாத."

"பண்ணல. உங்க மலையில இந்த மாதிரி நாலு தலையணை போட்டிருந்தா அன்னிக்கே நீங்க குளத்துக்குப் போயிருக்க மாட்டீங்க."

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வலி இருப்பதால்தானே இந்தப் பாடு? வலியே இல்லை என்று சொல்லிவிட்டால்? போனை எடுத்தார்.

"சார், முழுசா குணமாயிட்டேன்! வலி போன இடம் தெரியல. நாளைக்கே வேலைக்கு வந்துடுறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்ல கொஞ்சம் ஓய்வா இருந்துக்கிறேன்."

"குணமாயிடுச்சா? நம்ம மெத்தையிலயா?"

"ஆமா சார். என்னா மெத்தை சார் அது!"

"எழுந்திரிக்காதீங்க! அப்படியே இருங்க! இதைவிட என்னய்யா விளம்பரம் வேணும்? கட்டோடயும் காலரோடயும் ஒரு படம், கட்டைக் கழட்டி ஒரு படம். ஞாயித்துக்கிழமை காலையில போட்டோக்காரரை அனுப்புறேன்."

கியர்காரரின் குரல் இறங்கிவிட்டது. "சனிக்கிழமையே எடுத்துடலாமே சார்."

"சனிக்கிழமை வெளிச்சம் சரியிருக்காது."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்?"

"தூங்கி எழுந்த முகம் காலையிலதான்யா வரும். நீங்க இருபது வருஷமா தரம் பார்க்கிறவர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். எப்போதும் கிண்டல் செய்கிறவள், அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உருட்டுத் தலையணையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"என்னன்னு? முதுகும் பொய், வீக்கமும் பொய், உன் தம்பியும் பொய்னா? அடுத்து எனக்கு வேலை சந்தையில பழக்கூடை தூக்குறதுதான்."

"எனக்கு ஒரு தம்பி நிஜமாவே இருக்கான்."

"அவன் சைக்கிளைத் தொட்டதே இல்லையேடி!"

ஞாயிற்றுக்கிழமை காலை. போட்டிக்குப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்குப் போனார்கள். கலர் கலராக ஹெல்மெட், விசில், மணிச்சத்தம், "ஓரம் ஓரம்" என்று கூச்சல். தெரு முழுக்க வாசலில் நின்று கை காட்டியது. ஒரு வீட்டில் மட்டும், தரையில் விரித்த மெத்தையில், கழுத்துக் காலரோடு ஒரு மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் கால்கள் ரெண்டும் போர்வைக்குள் தாமாகவே மிதித்துக்கொண்டிருந்தன.

"சார், காலை ஆட்டாதீங்க" என்றார் போட்டோக்காரர். "படம் கலங்குது."

"எவ்வளவு நேரம்யா எடுப்பே?"

"நிம்மதி இன்னும் முகத்துல வரல சார். கண்ணை மூடி, லேசாச் சிரிங்க. இவ்வளவு வேணாம். இது பல்வலி மாதிரி இருக்கு."

"சீக்கிரம் முடிச்சா ஒரு அவசர வேலை இருக்குய்யா."

"மேனேஜர் நிதானமா எடுக்கச் சொல்லியிருக்கார் சார். மத்தியானம்வரைக்கும் எடுத்தாலும் பரவாயில்லன்னார்."

மலைப்பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்தது. புறப்பாடு. பிறகு கைதட்டல். பிறகு பெரிய கைதட்டல். அந்தச் சமயத்தில்தான் கியர்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஓரத்தில் கொஞ்சம் ஈரம் கசிந்தது.

"ஆ, இதுதான் சார்!" என்று கத்தினார் போட்டோக்காரர். "முதுகுவலி தீர்ந்த ஆனந்தக் கண்ணீர்! அசையாதீங்க!"

மத்தியானம் போட்டோக்காரர் கிளம்பிப் போனார். மனைவி காலரையும் பட்டையையும் அவிழ்த்துவிட்டாள். கியர்காரர் எழுந்து உட்கார்ந்தார். அத்தனை நாள் படுத்தே கிடந்ததில், எழுந்தபோது நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது.

"ஐயோ!"

"நடிச்சது போதுங்க. ஆள் போயாச்சு."

"நடிப்பு இல்லடி! நிஜமாவே!"

அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பெனி வேன். டிரைவர் மட்டும் வந்திருந்தார். உள்ளே வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"தம்பி, தம்பி, இரு! இப்பத்தான் எனக்கு அது வேணும். முதுகு நிஜமாவே பிடிச்சிக்கிச்சு. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அந்த மனுஷன் தங்கம். விஷயம் தெரிஞ்சா இன்னும் ஒரு வாரத்துக்கு வச்சுக்கச் சொல்வார்."

டிரைவர் சுருட்டிய மெத்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசற்படியில் திரும்பி நின்றார்.

"சொல்ல மாட்டார் சார். போட்டிக்குப் பேர் குடுத்தவங்கள்ல உங்க ஒருத்தருக்குத்தான் அவர் பயந்தார். இப்பத்தான் கப்பைக் கையில வாங்கிட்டாரே."