மாமனார் கழுவி வைத்த பாட்டில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. உடம்பு நலம், மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது.

நம் வீட்டு ஆராய்ச்சிக்காரியின் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து ஊர் ஆய்வுக்கூடங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே ஆற்றைக் காப்பாற்றப் பார்க்கின்றன. அந்த ஆற்றுத் தண்ணீரை ஐந்து பாட்டிலில் பங்கிட்டு, ஊருக்கு ஒன்றாக அனுப்பி, எல்லோருக்கும் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பார்களாம். வந்தால்தான் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவார். இவள் ஆய்வுக்கூடம் புதிது. இதில் தேறினால்தான் கூட்டமைப்பில் இடம். பார்சல் விடுமுறை நாளில் வந்ததால் பாட்டிலை நம் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

ஓய்வு பெற்ற கை சும்மா இருக்குமா? கதவைத் திறந்தால் பாலுக்குப் பக்கத்தில் கலங்கல் தண்ணீர். பேரப்பிள்ளை இதைக் குடித்துத் தொலைத்தால் என்ன ஆவது என்று பதறி, கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, லேபிள்கூடக் கிழியாமல் காப்பாற்றி வைத்தேன், அத்தனை பொறுப்பு எனக்கு! இப்போது நாலு ஊர்க்காரர்களும் ஆறு அழுக்கு என்கிறார்கள். நம் பெண்ணின் அறிக்கை மட்டும் அதைக் கைக்குழந்தைக்கே புகட்டலாம் என்கிறது. நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பைத் தேடிக்கொண்டேன். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, மெஷினைப் பார்க்கணும்" என்கிறாள். அடுத்த வாரம் எல்லோரும் கம்ப்யூட்டரில் கூடி விசாரிக்கப்போகிறார்களாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் போன் போட்டு, "மாமா பாசத்துல பண்ணிட்டார்" என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

போன இடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை விசாரித்தாள். எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: போன் போட வேண்டாம். கூட்டத்தை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். "சாம்பிளை வீட்டுல வெச்சது என் தப்பு" என்று அவள் சொல்வது காதில் விழுந்ததும், பனியனோடு ஓடிப்போய்க் கேமரா முன்னால் நின்று, "கழுவினது நான்" என்றேன். உடனே கூட்டமைப்புத் தலைவியம்மா, "எங்களுக்கு வந்த முதல் பாட்டிலை எங்க டிரைவர் கார் ரேடியேட்டர்ல ஊத்தினாருங்க" என்றார். இன்னொருவருக்கு வந்தது அவர் வீட்டு ரோஜாச் செடிக்குப் போயிருக்கிறது. இப்படிச் சறுக்கி, அதை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லித்தான் தேறினார்களாம். வேறு பாட்டில் அனுப்புகிறார்கள். "மெஷின் மேலயா சந்தேகப்பட்டே?" என்று கேட்டேன். "அறிக்கை அனுப்பினப்புறம் மிச்சத்தைக் குலுக்கினப்போ சோப்பு நுரை வந்துச்சு, அப்பவே தெரியும்ப்பா. உங்களைக் காட்டிக்கொடுக்காம எப்படிச் சொல்றதுன்னுதான் சோறு இறங்கல" என்றாள்.