மூணுசுத்து அண்ணன் சுற்றிய மாதா கோயில்கள்

கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைத்தொடரில் இருக்கும் எல்லா மாதா கோயில்களின் பின்பக்கத்தையும் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார்களே அந்தப் பக்கம் போயிருப்பார்களா என்பது சந்தேகம். எங்கள் மூணுசுத்து அண்ணன் போனார். ஒரு கோயிலுக்கு மூன்று தடவை வீதம் போனார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் நான் கொடைக்கானல் பஜாரில் காய்கறி ஏற்றி அனுப்பும் லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்தபோதே அதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அங்கே பூம்பாறைப் பூண்டு மூட்டைகளுக்கு ரசீது எழுதுபவர் அவர். சொந்த ஊர் பழனி; அடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்ற குடும்பம். சாமி இருக்கிற இடம் எதுவானாலும் மூன்று சுற்றுச் சுற்றினால்தான் கும்பிட்டதாக அர்த்தம் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது.

ஒரு வருஷம் அவர் மனைவிக்கு டைபாய்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது நாள் நினைவு தப்பிக் கிடந்தார். ஒரு கன்னியாஸ்திரி அம்மாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அண்ணன் வராந்தாவில் நின்று, மனைவி பிழைத்தால் இந்த அம்மாள் கும்பிடுகிற கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டார். மனைவி பிழைத்துவிட்டார். அந்த அம்மாள் கும்பிடுவது எந்தக் கோயில் என்று கேட்க மறந்துபோனது அப்புறம்தான் அண்ணனுக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டால், அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் இந்த மலையில் ஏதோ ஒரு மடத்தில் இருந்தாராம். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நீங்களும் நானும் என்றால் பக்கத்துக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். மலையிலுள்ள எல்லாக் கோயிலையும் எல்லா மடத்தையும் சுற்றிவிட்டால் அதில் ஒன்று அந்த அம்மாளுடையதாக இருந்தே தீரும் என்று அண்ணன் முடிவுகட்டினார். சொன்ன வார்த்தையை முடிக்காமல் விட்டால் பிழைத்த உயிருக்கு ஆகாது என்ற பயம் அவருக்கு.

"ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துருங்க தம்பி. வேற சோலி வச்சுக்காதீங்க" என்பார். சுற்றை எண்ணுவதற்கு நான். தானே எண்ணினால் கால் வலிக்கும்போது மனசு ஏமாற்றிவிடுமாம்.

மௌனம் காக்கிற மடம் ஒன்று இருந்தது. காலை வேளையில் அங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் காரட் பாத்தி ஓரமாக முதல் சுற்றுப் போனார். களை பறித்துக்கொண்டிருந்த சாமியார் ஒருவர் பதறி எழுந்து, வெளியே போகும்படி கையை வீசினார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றில் நான்கு சாமியார்கள் கையை வீசினார்கள். மூன்றாம் சுற்றில் மடமே வெளியே வந்து வீசியது. இத்தனை பேர் சேர்ந்து ஆசீர்வதித்து எங்கேயும் பார்த்ததில்லை என்று வழியெல்லாம் நெகிழ்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு ஊரில் திருநாள். சப்பரம் கோயிலை இடப்பக்கமாகச் சுற்றி வருகிறது. அண்ணன் வலப்பக்கமாகப் போகிறார். மூன்று சுற்றிலும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு மாதாவுக்கு வழிவிட்டாரே தவிர, திசையை மாற்றவில்லை. பாண்டு வாத்தியக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து வாசிக்க முடியாமல் நின்றுவிட்டார்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கடைசியாக மிஞ்சியது பெருமாள்மலைக்குக் கீழே ஒரு பழைய கல் கோயில். இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமைகளைத் திட்டித் தீர்த்த அண்ணி, முடிவதையாவது கண்ணால் பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கூட வந்தார்.

போய்ப் பார்த்தால், கோயிலுக்குப் பின்பக்கமே இல்லை. பின்சுவரைப் பாறையோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். பாறை மூன்று ஆள் உயரம், பாசி வழுக்கல். பங்குச் சாமியார் நல்ல மனிதர். முன்னால் நின்று கும்பிட்டாலே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்றார்.

"அவரு ஏத்துக்குவாரு சாமி. நான் சொன்ன வார்த்த என்னாகுறது?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிப் பாறையில் ஏறினார்.

இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் உச்சியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. தூக்கிக்கொண்டு சுற்றுகிறோம் என்று நானும் சாமியாரும் சொன்னோம். அது உங்கள் சுற்றாகிவிடும் என்று மறுத்துவிட்டார். எழுந்து பார்த்தார், விழுந்தார். அப்போதுதான் முதன்முதலாக அந்த மனிதர் கண் கலங்கிப் பார்த்தேன்.

"அரைச் சுத்துல நின்னுபோச்சே தம்பி. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

கீழே நின்ற அண்ணி சேலையை இழுத்துச் செருகினார். நாங்கள் தடுப்பதற்குள் பாறை உச்சியில் இருந்தார்.

"வேண்டிக்கிட்டது யாரு உசுருக்கு?"

"ஒன் உசுருக்குத்தான்."

"அப்ப மிச்சத்த நான் நடந்தாச் செல்லும். கால அசைக்காம உக்காருங்க."

மறுபக்கம் இறங்கி, முன்வாசலில் வந்து நின்று மூன்றாம் சுற்றை முடித்தார். முடிந்தது என்று நான் பெருமூச்சு விடுவதற்குள் அண்ணி மறுபடி நடக்க ஆரம்பித்தார். எங்கே என்றேன்.

"அது அவரு எனக்கு வேண்டிக்கிட்டது தம்பி. இது நான் அவருக்கு."

மூன்று சுற்று. மூன்று தடவையும் பாறை மேல் உட்கார்ந்திருந்த புருஷனைத் தாண்டித்தான் போனார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, அண்ணி வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செட்டில் அந்த மனிதரைக் கிறுக்கு என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் பிறகு வேறு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது.