நாலு மணிச் சத்தம்

முட்டை அட்டை இரண்டாவது முறையாகப் புருஷோத்தமன் தலையில் விழுந்தபோது, போனில் மகள் சிரித்துவிட்டாள்.

"இன்னாப்பா அது?"

"முட்ட அட்டம்மா. கூரை பூரா ஒட்டி வெச்சிருக்கேன். சத்தத்த உறிஞ்சிடும்னு கடைக்காரன் சொன்னான்."

மேலே மறுபடி தொம்மென்று ஏதோ விழுந்தது. கூடவே மூன்றாவது அட்டையும்.

"உறிஞ்சல போலிருக்கே?" என்றாள் கார்குழலி, பிரான்சிலிருந்து.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முதல் மாடி வீடு. புருஷோத்தமன் முப்பது வருடம் மில்லில் நூல் நூற்றவர். அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. கையும் புருவமும்தான் பேச்சு. வீட்டுக்கும் அதையே கொண்டுவந்துவிட்டார். கல்யாணமாகிப் போன மகள் கூப்பிட்டால், "நல்லா கீறியா? இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று போனை ஜெயத்திடம் நீட்டிவிடுவார். ஜெயம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நீட்ட ஆளில்லை.

அதற்காக ஆசை இல்லாமலா? மகளுக்கு அங்கே சாப்பாட்டு வேளை, இங்கே மாலை நாலு. மூன்றரைக்கே சட்டை மாட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கோத்து வைப்பார். எதிர்வீட்டு முருங்கை பூத்துவிட்டது. ரசம் ஒருவழியாக ஜெயம் வைக்கிற மாதிரியே வந்தது. சின்ன வயதில் அவள் கடற்கரையில் தொலைந்துபோய்க் கிடைத்தது நேற்று கனவில் வந்தது. போன் அடிக்கும்.

"சாப்ட்டியாம்மா?"

"இனிமேதான்ப்பா. நீ?"

"ஆச்சு. சரி, வெச்சிடட்டா?"

வைத்த பிறகு, கறுத்துப்போன திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு மாதம் முன்பு அவள் லீவில் வந்து போனாள். அடுத்த வாரம்தான் மேல் வீட்டுச் சத்தம் ஆரம்பித்தது. மேலே இருப்பவர் அங்கம்மாள். குருசுக்குப்பத்தில் மீன் விற்றவர். முட்டி தேய்ந்ததும் மகன் வீட்டோடு வந்துவிட்டார். நாளெல்லாம் அந்த வீட்டில் ஈ பறந்தால்கூடக் கேட்காது. நாலு மணிக்கு மகள் "அப்பா" என்றதும், தொம்!

இருப்பதே பத்து நிமிஷம், அதையும் இந்தக் கிழவி பிடுங்கிக்கொள்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் ஒட்டடைக் குச்சியால் கூரையை இடித்தார். காரை பெயர்ந்து டீயில் விழுந்தது. மறுநாள் மேலேயே ஏறிவிட்டார்.

"அம்மிக் கொழவி வழுக்கிடுது தம்பி. வயசாச்சில்ல."

"கொழவிக்கா?"

"எனக்குப்பா. வஞ்சிரம் வறுத்திருக்கேன், துண்ணுட்டுப் போ."

கோபத்தோடு போனவர் இரண்டு துண்டு தின்றுவிட்டு இறங்கினார். அடுத்த நாள் குழவி இரண்டு முறை வழுக்கியது.

"அப்புறம் இன்னாச்சுப்பா?" என்று மகள் தினமும் கேட்டாள். அவரும் கொட்டித் தீர்த்தார். குழவியில் தொடங்கி வஞ்சிரத்துக்குப் போய், அங்கிருந்து ஜெயத்தின் மீன் குழம்புக்குப் போய், அப்படியே முருங்கைப்பூவுக்கும் வந்து நிற்கும்போது மணி ஐந்தாகியிருக்கும். சாப்பாட்டு வேளை முடிந்து மகள் ஓடுவாள். பாழாய்ப்போன சத்தத்தைப் பற்றியே நேரமெல்லாம் போகிறதே என்று இவர் நொந்துகொள்வார்.

அட்டையும் விழுந்த பிறகு, ஸீலிங் வேலை செய்யும் இனியவனை வரவழைத்தார். பழைய கூரைக்குக் கீழே பஞ்சு அடைத்து, பலகை அடித்து, நாலு நாளில் இன்னொரு கூரை வந்தது. வீடு ஒரு அடி குள்ளமானது.

"இனிமே மேல யானை கட்னாலும் தெரியாது சார்," என்றான் இனியவன்.

உண்மைதான். நாலு மணிக்கு வீடு தண்ணீருக்குள் மூழ்கியது போலிருந்தது. போன் அடித்தது.

"சத்தம் வருதாப்பா?"

"இல்லம்மா. சுத்தமா நின்னுடுச்சு."

"ஓ."

மகளின் மூச்சுகூடத் துல்லியமாகக் கேட்டது. புருஷோத்தமன் கோத்து வைத்ததையெல்லாம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சாப்ட்டியா?"

"இனிமேதான்."

"சரி, வெச்சிடட்டா?"

மறுநாள் ஒரு நிமிஷம். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. நாலாம் நாள் நாற்காலி மேல் ஏறி, புதுக் கூரையில் காதை வைத்துப் பார்த்தார். பஞ்சு ஒரு சத்தத்தையும் விடவில்லை.

ஐந்தாம் நாளும் பேச்சு அதே மாதிரி முடிந்தது. அவர் போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டினார். பிறகு விறுவிறுவென்று படியேறினார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் பலமாகத்தான் போடேன் அக்கா என்று ஒரு மனுஷன் எப்படிக் கேட்பான்?

மேல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அங்கம்மாள் இவருக்கு முதுகைக் காட்டியபடி, போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மீன் அங்காடியில் கூவுகிற அதே குரலில் கத்திக்கொண்டிருந்தார்:

"ஒங்கப்பாவ எப்டியாச்சும் பேச வெக்கணும்னு நீ சொன்னியேன்னுதான் கார்கொழலி, தெனம் நாலு மணிக்குக் கொழவியத் தூக்கிப் போட்டேன், இப்ப மனுஷன் கூரையையே மூடிட்டாரு, இனிமே நானே வுழட்டுமா?"